படர்தாமரைக்கு டியூப் வாங்கப் போகிறீர்களா, ஒரு நிமிஷம்

தொடையிடுக்கில் வட்டமாக ஒரு தடிப்பு, ஓரம் சிவந்து நடு வெளுத்து, ராத்திரி படுத்தால் அரிப்பு தாங்கவில்லை. காட்டக் கூச்சமான இடம் வேறு. நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்கிறோம், அவரும் பெயரே கேட்காமல் ஒன்றை எடுத்துப் போடுகிறார். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று நாளில் அரிப்பு போனது, ஒரு வாரத்தில் சிவப்பும் அடங்கியது, சரி ஆகிவிட்டது என்று நிறுத்தினேன், பத்தே நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது, மறுபடி தடவினேன், மறுபடி அடங்கியது, மறுபடி வந்தது. இப்படியே எட்டு மாதம். கடைசியில் எனக்கு வயிறு வரைக்கும், மனைவிக்கு இடுப்பைச் சுற்றி. அந்த எட்டு மாதத்தில் பட்டதையும், அப்புறம் எரிச்சலில் உட்கார்ந்து படித்த ஆய்வுகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என்ன மாத்திரை, எத்தனை என்பதை அவர்தான் எழுத வேண்டும். அவரிடம் எப்படிப் போவது, என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது என்பது மட்டும் இங்கே.

முதல் வேலை, இப்போது தடவிக்கொண்டிருக்கும் டியூப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பது. கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். குளோபிட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன், இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. என் டியூப்பில் நாலு மருந்து இருந்தது: குளோபிட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின். படர்தாமரை பூஞ்சையால் வருவது, இதில் பூஞ்சைக்கு மருந்து கடைசியில் இருக்கிற ஒன்று மட்டும்தான். நடுவில் இருக்கும் இரண்டும் வேறு வகைக் கிருமிகளுக்கானவை, படர்தாமரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. முதலில் இருப்பதுதான் வில்லன். சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. சண்டை நின்றதும் நமக்குச் சுகமாக இருக்கிறது, பூஞ்சைக்கு அதைவிடச் சுகம். உருவமும் மாறிவிடும்: தெளிவான வட்டம் போய், வட்டத்துக்குள் வட்டம், அங்கங்கே திட்டு என்று டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆகும். இதை 1968லேயே கவனித்து, ஆள் மாறாட்டம் செய்யும் படர்தாமரை என்ற பொருள் வரும்படி டீனியா இன்காக்னிடோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியாவில் 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். கடைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பேர் சீட்டு கேட்கிறார்கள் என்று.

ஆக, அதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஒன்றிரண்டு வாரம் முன்னைவிட மோசமாகத் தெரியும், சிவக்கும், அரிக்கும். அடங்கியிருந்த சண்டை மறுபடி ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, முகத்தில் மாதக்கணக்காகத் தடவியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள், முகம் ரொம்பவே எரியும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவக் கோடு மாதிரி வரி விழுந்திருந்தால் அது மறையாது. எனக்கு இருக்கிறது.

அடுத்தது, இது படர்தாமரைதானா என்று உறுதி செய்வது. வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை. நாணயம் மாதிரி வரும் எக்சிமா உண்டு, சொரியாசிஸ் உண்டு, தேமல் உண்டு. ஒரு திட்டில் அரிப்பே இல்லை, பஞ்சால் வருடினால் தொடுவதே தெரியவில்லை என்றால் அதைத் தள்ளிப் போடவே கூடாது, தொழுநோயா என்று பார்க்க வேண்டும், அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

உறுதி செய்யும் சோதனை பிரமாதமானது ஒன்றும் இல்லை. நான் ஓ.பி. சீட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் ஓர் இளம் டாக்டர் செய்தார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, கத்தியின் முனையால் வட்டத்தின் ஓரத்தை மட்டும் சுரண்டினார். நடுவைத் தொடவில்லை, காரணம் பூஞ்சை மேய்ந்துகொண்டே வெளிப்பக்கமாக நகரும், ஆள் இருப்பது ஓரத்தில்தான். கண்ணாடிச் சில்லில் தவிடு மாதிரி கொஞ்சம் செதில் விழுந்தது. அதன் மேல் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, மேலே மெல்லிய மூடி, கொஞ்ச நேரம் காத்திருப்பு. அந்தத் திரவம் தோல் செல்களைக் கரைத்து வெளிறச் செய்துவிடும், பூஞ்சை கரையாமல் நிற்கும். பிறகு என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். கலங்கிய செல்களுக்கு நடுவே, ஒரே தடிமனில், கிளை பிரிந்து ஓடும் கண்ணாடி நூல். எட்டு மாதம் என்னைத் தூங்கவிடாத ஆசாமி அதுதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனைக்குச் சுருக்கப் பெயர் கே.ஓ.எச்., டாக்டரிடம் போனதும் "கே.ஓ.எச். பார்க்கலாமா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். போவதற்கு முன் எதையும் தடவிக்கொண்டு போகாதீர்கள், பூஞ்சை மருந்து தடவியிருந்தால் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம், தடவியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது சிகிச்சை. இங்கேதான் ஆய்வுகள் உதவும். வாரணாசியில் 200 நோயாளிகளை நாலு குழுவாக, குழுவுக்கு 50 பேர் என்று பிரித்து, நாலு மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2020ல் வெளியானது. நாலு வாரம் முடிந்தபோது எந்தக் குழுவிலும் குணமானவர்கள் 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. எட்டு வாரத்தில் இட்ராகோனசோல் சாப்பிட்ட 50 பேரில் 33 பேருக்குக் குணம், ஃப்ளூகோனசோலில் 21, டெர்பினஃபினில் 14, கிரிசியோஃபுல்வினில் 7. இந்தக் கணக்கை இரண்டு முறை படியுங்கள். பத்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "டாக்டர் சரியில்லை" என்று அடுத்த டாக்டரிடம் ஓடுகிறோமே, நாலு வாரத்தில்கூட நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் சரியாகவில்லை! முதல் இடத்தில் வந்த மருந்திலும் மூன்றில் ஒருவருக்கு எட்டு வாரம் போதவில்லை.

டெர்பினஃபின் ஒரு காலத்தில் இந்த நோய்க்கு ராஜா. அது ஏன் சறுக்கியது என்றால், பூஞ்சை தன் செல்சவ்வுக்கான எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைத் தயாரிக்க ஒரு நொதியைப் பயன்படுத்துகிறது, டெர்பினஃபின் அந்த நொதியில் போய் உட்கார்ந்து வேலையைக் கெடுக்கும். நம் ஊரில் இப்போது பரவியிருக்கும் பூஞ்சையில் பலதும் அந்த நொதியின் மரபணுவை மாற்றிக்கொண்டுவிட்டது, மருந்துக்கு உட்கார இடம் இல்லை. ஜப்பானில் இருந்த இந்தியர், நேபாளி நோயாளிகளிடமிருந்து எடுத்ததை ஆராய்ந்து 2020ல் இதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு! 2023ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் கண்டுபிடித்தார்கள், அதில் ஒருவர் வெளிநாடே போகாதவர்.

அதிகமாகச் சாப்பிட்டால் சீக்கிரம் போகுமா என்று நானும் யோசித்தேன். டெல்லியில் இட்ராகோனசோலை 100, 200, 400 மில்லிகிராம் என்று ஒப்பிட்டுப் பார்த்து 2022ல் எழுதியிருக்கிறார்கள். 400 கொஞ்சம் வேகமாக வேலை செய்தது, ஆனால் 200ஐவிடப் பெரிய ஆதாயம் இல்லை, அளவை ஏற்றியதால் நோய் திரும்பி வருவதும் நின்றுவிடவில்லை. பொதுவாக யாராவது "இந்த மருந்தில் 90 பேருக்குக் குணம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரத்தில் பார்த்தார்கள், குணம் என்று எதைச் சொன்னார்கள் (அரிப்பு நின்றதையா, சுரண்டிப் பார்த்துப் பூஞ்சை இல்லை என்றதையா), நிறுத்திய பிறகு எத்தனை நாள் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் அந்த 90ஐ நான் நம்ப மாட்டேன், என் டியூப்கூட முதல் வாரத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியது.

டாக்டர் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதினால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போடுங்கள், அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். வாயுத் தொல்லை, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், காலையில் பான்டோபிரசோலைப் போட்டுவிட்டு இதைச் சாப்பிட்டால் பாதி வீண். கொலஸ்ட்ரால் மாத்திரை, இதய பலவீனம், கல்லீரல் கோளாறு, கர்ப்பம் இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள், இவற்றில் சிலவற்றோடு இந்த மருந்து ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்குகிற மருந்து இல்லை இது.

களிம்பும் தருவார்கள், ஸ்டீராய்டு இல்லாத வெறும் பூஞ்சைக் களிம்பு. அதைச் சிவப்பின் மேல் மட்டும் தடவாமல் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் வெளியே வரைக்கும், வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயும் போயிருக்கும். குளித்து நன்றாக ஈரம் ஒற்றிய பிறகு. தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை, குறைந்தது இரண்டு வாரம்.

எனக்கு ரொம்ப உதவிய தந்திரம் ஒன்று: ஞாயிறு காலை குளிப்பதற்கு முன், பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தின் ஓரத்தில் கோடு போட்டு, ஒரே வெளிச்சத்தில் படம் எடுப்பேன். அரிப்பை வைத்து முன்னேற்றத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம், கோட்டைத் தாண்டியதா உள்ளே சுருங்கியதா என்பது ஏமாற்றாது. ஐந்தாவது வாரம்தான் முதல் முறையாகக் கோட்டுக்கு உள்ளே போனது.

வீடு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பந்து மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கும், எல்லாரையும் ஒரே நேரத்தில் காட்டுங்கள். அம்மாவிடம் கேட்டபோது "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார், மூன்று முறை கேட்ட பிறகு முட்டியின் பின்பக்கம் காட்டினார். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடை, லுங்கி, படுக்கை விரிப்பைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள், ஈரத்தோடு எடுத்து மாட்டாதீர்கள். இறுக்கமான ஜீன்ஸையும் நைலான் உள்ளாடையையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அப்புறம் அரைஞாண் கயிறு. யாரும் யோசிக்காத இடம் இதுதான், நாளெல்லாம் வியர்வையில் ஊறி, குளித்தாலும் காயாமல், இடுப்பைச் சுற்றிப் பூஞ்சைக்குக் குடித்தனம் நடத்த இடம் கொடுக்கிறது. அறுத்துப் போடுங்கள், வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் குணமானதும் வெள்ளி கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், நான் அப்படித்தான் சமாளித்தேன்.

நாட்டு வைத்தியம் பற்றி யாராவது கேட்பார்கள். சீமை அகத்தி இலையில் பூஞ்சையை எதிர்க்கும் சத்து உண்டு, அதைப் படர்தாமரைக்கு அரைத்துப் போடும் வழக்கம் சும்மா வந்தது இல்லை. ஆனால் வயிறு முதுகு என்று பரவியதற்கு அது காணாது. பூண்டு, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம், தொடையிடுக்கு வெந்துபோய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு மொத்தம் பதினோரு வாரம் ஆனது, நிறுத்துவதற்கு முன் மறுபடி சுரண்டிப் பார்த்து நூல் இல்லை என்ற பிறகுதான் டாக்டர் நிறுத்தச் சொன்னார். கறுப்புத் தழும்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது நோய் இல்லை, மெல்ல மங்கும், அதன் மேல் எதையும் தேய்க்க வேண்டாம். வீட்டு அலமாரியில் பாதி பிதுக்கிய பழைய டியூப் ஒன்று கிடந்தது. போன மாதம் மச்சான் வந்து "உனக்குச் சரியாப் போச்சே, எதைத் தடவினே?" என்று அதைத்தான் கையில் எடுத்தான். பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஓ.பி. நேரத்தைச் சொல்லி அனுப்பினேன், போனானா தெரியாது.