டியூப் ஆம்பும் அதன் டிஜிட்டல் மாடலும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 21 உலக இசை நாள் நெருங்கினால் புதுச்சேரியில் கிட்டார்கள் வெளியே வரும். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை மொட்டைமாடி அறைகளில் கடன் வாங்கிய டியூப் ஆம்பையும் (வெற்றிடக் குழாயால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) மடிக்கணினியில் இருக்கும் அதன் மாடலையும் (அந்த ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒப்பிடும் முறை தப்பாக இருப்பதால் தீர்ப்பும் தப்பாகிறது. சுருதி சேராத கிட்டார், துருப்பிடித்த கம்பி பற்றியெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டுவது

பக்கத்து வீட்டார் திட்டுகிறார்கள் என்று ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் அவுட்டை நேரே ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவி) செருகுகிறார்கள். இதைவிடச் செலவு வைக்கும் தவறு இந்த வேலையில் இல்லை. திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

டியூப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், எதிரே 8 அல்லது 16 ஓம் சுமை இருக்கும் என்ற கணக்கில் சுற்றப்பட்டது. சுமை இல்லாமல் பலமாக வாசித்தால், அதில் தேங்கும் ஆற்றல் போக்கிடம் இல்லாமல் பிரைமரியில் (டியூப் பக்கச் சுற்று) ஆயிரம் வோல்ட்டையும் தாண்டி எகிறும். டியூப் சாக்கெட்டில் பொறி பறக்கும், சுற்றின் இன்சுலேஷன் உடையும். இன்டர்ஃபேஸும் தப்பாது: 20 வாட் ஆம்ப் 8 ஓமில் தருவது 12.6 வோல்ட்; லைன் இன்புட் எதிர்பார்ப்பது 1.23 வோல்ட்.

புகைந்த ஆம்பைப் பழுதுபார்க்கத் தூக்கி வருபவர் சொல்வது, "சத்தமே வைக்கலைண்ணா, ஹெட்போன்லதான் கேட்டேன்." சத்தம் வராவிட்டால் ஆம்ப் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பக் கட்டித் தருவார்கள்தான். ஆனால் பிரைமரியையும் செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) மாற்றி மாற்றி அடுக்காகச் சுற்றாவிட்டால் மேல் ஒலி மங்கிவிடும்.

சரியான வழி இது. ஆம்பை அணைத்துவிட்டு, 8 ஓம் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து ஸ்பீக்கரைப் போலவே சுமை தரும் 8 ஓம் ரியாக்டிவ் லோடு பாக்ஸுக்குத் தடித்த ஸ்பீக்கர் கேபிளைப் போடுங்கள். கிட்டார் கேபிள் கூடாது. லோடு பாக்ஸின் லைன் அவுட் இன்டர்ஃபேஸுக்குப் போகட்டும். முழுக்கத் திருகிய ஆம்ப் தன் வாட் கணக்கைத் தாண்டித் தள்ளும் என்பதால், லோடு பாக்ஸ் இரு மடங்கு வாட் தாங்க வேண்டும். வெறும் ரெசிஸ்டர் லோடு ஆம்பைக் காப்பாற்றும், ஒப்பீட்டைக் காப்பாற்றாது. நிஜ ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான தடுப்பு) 100 ஹெர்ட்ஸ் பக்கமும் மேல் ஒலிகளிலும் பல மடங்கு ஏறும். ஆம்பின் குணத்தில் பாதி அதற்குக் கொடுக்கும் பதிலில்தான் இருக்கிறது.

அறை ஒலியை மைக் ஒலியோடு ஒப்பிடுவது

மாடலில் பெரும்பாலும் கேட்பது மைக் பிடித்துப் பதிந்த கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலி. 12 அங்குல ஸ்பீக்கர் முன்னால் நின்று கேட்பது வேறு. மாடலில் கேபினட் பகுதியை அணைத்துவிட்டு, லோடு பாக்ஸ் ஒலிக்கும் மாடலுக்கும் ஒரே ஐஆர் கோப்பைப் (கேபினட், மைக் இரண்டின் ஒலிக்குணத்தைப் பதிந்த கோப்பு) போடுங்கள். அல்லது மாடலை, டியூப் இல்லாத சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் வழியே அதே கேபினட்டில் ஓட்டுங்கள். ஃபெண்டர் 2019-இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவர்ப் இந்த வழியில் அமைந்தது: 22 வாட் டியூப் ஆம்பின் மாடல், 100 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர்.

சத்தத்தைச் சமப்படுத்தாதது

ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்ல டோன் என்று தோன்றும். மீட்டர் வையுங்கள்.

குமிழ் எண்ணை நம்புவது

குமிழுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் 20 சதவீத விலகல் சகஜம். காதால் பொருத்துங்கள்.

கிட்டாரை லைன் இன்புட்டில் செருகுவது

மேல் ஒலி மங்கும். கிட்டாருக்கென்று இருக்கும் 1 மெகா ஓம் ஹை-இசட் இன்புட்தான் வேண்டும்.

இரவில் ஆம்ப், காலையில் மாடல்

ஏசிகள் ஓடும் கோடை இரவில் 230 வோல்ட் 210-க்கு இறங்கினால், 6.3 வோல்ட் ஹீட்டர் 5.75-க்கு வந்துவிடும், பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் குறையும். ஆம்ப் மெத்தென்று ஒலிக்கும், ஒலி சீக்கிரமே சிதையத் தொடங்கும். மாடலை இது தொடாது. மல்டிமீட்டரில் பார்த்து, சர்வோ ஸ்டெபிலைசர் போட்டு, 20 நிமிடம் சூடாக்கி, இரண்டையும் ஒரே அமர்வில் பதியுங்கள்.

கடற்காற்றின் கரகரப்பை டியூப்பின் குணம் என்பது

சாக்கெட்டில் உப்புக்காற்றின் களிம்பு ஏறினாலும் கரகரக்கும். பவர் ஒயரைக் கழற்றி, டியூப் ஆறிய பிறகு உருவி, கால்களில் காண்டாக்ட் கிளீனர் தடவி நாலைந்து முறை செருகி எடுங்கள். சேஸியை (உள்ளே சுற்று இருக்கும் உலோகச் சட்டம்) திறக்காதீர்கள், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.