புது பிளக் பாயிண்ட்ல மிக்ஸி போட்டா மட்டும் ட்ரிப் ஆச்சு

கிருஷ்ணகிரி பழையபேட்டை வீட்ல கிச்சன் போர்டுல இருந்தே லைன் இழுத்து எக்ஸ்ட்ரா சாக்கெட் போட்டோம், மிக்ஸி ஆன் பண்ணா ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சேஃப்டி சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டு. வேற மிக்ஸி, வேற சாக்கெட், செவுரு ஈரம்னு ஒருத்தர் சொன்னாருன்னு காயவும் விட்டாச்சு, ம்ஹூம். ஆனா குட்டி எல்இடி நைட் லேம்ப் மட்டும் ஜோரா எரியுது! அங்கதான் பிடி கிடைச்சுது. இது 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, போற கரண்டுக்கும் திரும்புற கரண்டுக்கும் அவ்ளோ வித்தியாசம் வந்தா விழுந்துடும், லேம்ப் இழுக்கறதே அதவிட கம்மி. மெயின ஆஃப் பண்ணி போர்ட கழட்டுனா உள்ள ரெண்டு கருப்பு ஒயர், ரெண்டும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்புற ஒயர், அதுல ஒண்ணு இன்வெர்ட்டர் லைனோடது, அது ஆர்சிசிபி வழியா திரும்பவே இல்ல, புது சாக்கெட்ட அதுல முறுக்கி வெச்சிருக்காங்க. பேஸ் (கரண்ட் வர்ற ஒயர்) எடுத்த அதே சர்க்யூட் நியூட்ரலுக்கு மாத்துனதும் மிக்ஸி ஓடுது, அப்பாடா. டெஸ்டர் வெச்சு பாத்தா இது சிக்காது, ரெண்டு நியூட்ரல்லயும் லைட் எரியாது.