ஐசியு கட்டிலில் விழித்திரைப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய விழித்திரைக் கமெரா வந்தபிறகு, ஐசியு நோயாளிகளைக் கட்டிலிலேயே படம் எடுத்து ஒரு ஆய்வு செய்யலாமே என்ற ஆசை திருகோணமலையில் வேலை செய்யும் இளம் டொக்டர்மாருக்கும் வரத்தான் செய்யும். நல்ல ஆசை. மலாவியில் மூளை மலேரியா என்று முடிவுகட்டப்பட்டு இறந்த 31 பிள்ளைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது 7 பேரின் சாவுக்கு வேறு காரணம் இருந்தது. உயிரோடு இருக்கையில் அந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தது விழித்திரைதான். 2004இல் வெளியான முடிவு அது. ஆனால் கமெராவைக் கற்பது சுலபம், சறுக்குவது மற்ற இடங்களில்.

முதலாவது, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. ட்ரோபிகமைட் விட்டால் கண்மணி சில மணித்தியாலங்களுக்கு வெளிச்சத்துக்குச் சுருங்காது. தலையில் அடிபட்டவருக்கு மூளை அழுத்தம் ஏறுகிறதா என்று தாதியர் மணிக்கு மணி டோர்ச் அடித்துப் பார்ப்பதே அந்தக் கண்மணியைத்தான். நீங்கள் பகலில் ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்தை விட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனால், அடுத்த ஷிப்டில் வருபவர் ஒரு கண்மணி பெரிதாகி நிற்பதைக் கண்டு பதறி, வென்டிலேட்டரோடு நோயாளியை சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவார். மூளை அழுத்தம் ஏறும் அபாயம் இருப்பவருக்கு இந்த மருந்தே வேண்டாம். மற்றவர்களுக்கு விட்டால் எந்தக் கண், எத்தனை மணி என்று சார்ட்டில் எழுதி, கட்டில் தலைமாட்டிலும் ஒட்டுங்கள். (நெபுலைசர் மாஸ்க்கிலிருந்து கசியும் இப்ராட்ரோப்பியம் என்ற மூச்சுக்குழாய் மருந்தும் இதே வேலையைச் செய்யும், அதையும் மனதில் வையுங்கள்.)

அடுத்தது, படத்தை மட்டும் சேமித்துவிட்டு வருவது. ஒட்சிசன் கூடினால் விழித்திரைக் குழாய்கள் சுருங்கும், இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடினால் விரியும். அந்த நேரத்து ஒட்சிசன் அளவு, இரத்த வாயு முடிவு, பிறஷர், பிறஷரை ஏற்றும் நோரட்ரீனலின் மருந்து எவ்வளவு ஓடியது, இதெல்லாம் இல்லாமல் குழாயின் அகலத்தை அளந்து செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) என்று எழுதினால் நீங்கள் அளந்தது வென்டிலேட்டர் செட்டிங்காகக்கூட இருக்கலாம்.

மயக்கத்தில் இருப்பவரின் இமை முழுதாக மூடாது, கருவிழி காய்ந்து மங்கிவிடும், அதற்குப் பூசும் களிம்போ எண்ணெய் பட்ட கண்ணாடி மாதிரி. படம் மங்கலாக இருந்தால் விழித்திரையைக் குறை சொல்லாதீர்கள். களிம்பு போடும் நேரத்துக்குச் சற்று முன் எடுங்கள், எடுத்ததும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

பழைய வருத்தத்தையும் பாருங்கள். சலரோகமும் பிறஷரும் உள்ளவரின் விழித்திரையில் இரத்தக்கசிவு முன்பே இருந்திருக்கலாம். வீட்டாரிடம் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். 2017இல் கிண்ணியாவை உலுக்கிய டெங்கு மாதிரி ஒன்று வந்தால் அதுவும் விழித்திரையில் கசிவைக் காட்டும், எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட முடியாது.

கணக்கு என்றதும், ஒருவரின் இரண்டு கண்ணை இரண்டு நோயாளியாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். சம்மதத்தை நெருங்கிய உறவினரிடம் கேட்டு, நோயாளி தெளிந்ததும் அவரிடமும் கேளுங்கள். படம் வாட்ஸ்அப்பில் போகக்கூடாது. படம் எடுக்க முடியாமல் போனவர்களையும் காரணத்தோடு பதியுங்கள், ஏனென்றால் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர், அசைக்கவே முடியாதவர் என்று அந்தப் பட்டியலில் சேர்வது பெரும்பாலும் ஆகக் கடுமையாக இருப்பவர்கள்தான்.