பக்கவாதத்துக்குப் பின் கீழ்க்கால் தசைகளுக்கு வீட்டுப் பயிற்சி

பக்கவாதம் கண்டவர் மீண்டும் நடக்கத் தொடங்கும்போது வீட்டாரின் கண்ணில் முதலில் படுவது, முன்பாதம் தரையில் உரசுவதுதான். முன்னெலும்பின் வெளிப்பக்கமாக ஓடும் தசை பாதத்தைத் தூக்க வேண்டிய நேரத்தில் தூக்காமல் கிடப்பதும், பின்னால் கெண்டைக்கால் தசை இறுகிப் பாதத்தைக் கீழே இழுப்பதும் இதற்குப் பெரும்பாலும் காரணம். எனவே காலை வெறுமனே ஆட்டுவதில் பயனில்லை. எந்தத் தசை வேலை செய்கிறது என்று அறிந்து செய்விக்க வேண்டும். மருத்துவமனையில் தோலின்மேல் மின்முனைகளை ஒட்டித் தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்வார்கள். வீட்டில் விரல்களை வைத்தே ஓரளவு அறியலாம்.

மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எண்ணெய்க் காலுக்கு வழுக்கும் என்பதால், பாதத்தைத் துடைத்து, நழுவாத விரிப்பின்மேல் வைக்கச் சொல்லுங்கள். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் அமர்த்தி, குதிகாலைத் தரையில் பதித்தபடியே முன்பாதத்தை மட்டும் தூக்கச் சொல்லி, உங்கள் இரு விரல்களை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்னெலும்பின் வெளிப்பக்கம் வையுங்கள். தசை திரண்டு விரலைத் தள்ள வேண்டும். தேவகோட்டைப் பக்கம் நான் பயிற்சி கொடுத்த ஒரு வீட்டில், "தூக்கிட்டாக, பாருங்க" என்று ஆச்சி மகிழ்ந்தார். ஐயாவோ உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொடையோடு சேர்த்துக் காலைத் தூக்கியிருந்தார், என் விரலடியில் ஓர் அசைவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, நல்ல காலையும் உடன் தூக்கச் சொன்னபோதுதான் நூல் துடிப்பதுபோல் ஒன்று தட்டுப்பட்டது. அந்தத் துடிப்பைத்தான் வளர்க்க வேண்டும். எட்டுப் பத்து முறை செய்தபின் ஓய்வு கொடுத்து, பகலில் சில வேளை திரும்பச் செய்யலாம்.

வேகம் கூடாது. சட்டென்று இழுபட்டால் கெண்டைக்கால் தசை இன்னும் இறுகும், சிலருக்குப் பாதம் படபடவென ஆடவும் செய்யும்; அப்போது முழங்காலின்மேல் மெதுவாக அழுத்திக் குதிகாலைத் தரையில் பதித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது உட்கார்ந்து எழுவது. வலுக்குறைந்த காலை நல்ல காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வருமளவு குனிந்து எழச் செய்யுங்கள். நல்ல காலை முன்னே தள்ளி வைப்பதால் அது எல்லாப் பாரத்தையும் தானே வாங்கிக்கொள்ள முடியாது. எழும் முன் பாதத்தைத் தூக்கும் அந்த முன்பக்கத் தசையும், எழுந்து நிற்கையில் கெண்டைக்கால் தசையும் உழைக்கும். நிற்கப் பழகியவர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்கலாம். வலுக்குறைந்த பக்கத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக வலித்தால் எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் வீடுகளின் உயரமான வாசற்படி கடைசிப் பாடம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுக்குறைந்த கால் முதலில். வலது பக்கம் பாதிக்கப்பட்டவரை, வழக்கம் என்பதற்காக வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரும்படி யாரும் வற்புறுத்த வேண்டாம்.