குடும்ப நீதிமன்றத்தில் உட்கார்ந்து செய்தி எழுதுவது எப்படி

இங்கிலாந்து, வேல்ஸ் குடும்ப நீதிமன்றங்களுக்கு ஒரு பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கும் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் ஒழுங்காகப் பயன்படுகிறதா என்று வெளியாள் ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். லண்டன் தமிழ் வானொலிக்குச் செய்தி சேகரிக்கும் நான் அதைச் செய்துவருகிறேன். நம் இளம் செய்தியாளர்களும் வர வேண்டும். ‘சோசியல் சர்வீஸ் (உள்ளூராட்சி மன்றத்தின் பிள்ளைகள் நலத்துறை) பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடும்’ என்ற பயம் நம் சனத்திடம் ஊறிப்போயிருக்கிறது. உள்ளே நடப்பதை யாரும் சொல்லாதவரை வதந்திதான் செய்தி.

பொதுமக்கள் உள்ளே போக முடியாது. அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் 2009 முதல் போகலாம். அதற்கு யுகே பிரஸ் கார்ட் வேண்டும். தேசியப் பத்திரிகையாளர் சங்கம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

ஆனால் உட்கார்ந்திருக்கலாம் என்பதாலேயே எழுதலாம் என்று ஆகாது. பிள்ளைகள் தொடர்பான வழக்கில் உள்ளே பேசியதை வெளியிட்டால், 1960ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் 12ஆம் பிரிவின்படி அது நீதிமன்ற அவமதிப்பு. இந்தப் பூட்டைத் திறக்கும் சாவிதான் ‘வெளிப்படைத்தன்மை உத்தரவு’: எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நீதிபதி எழுதித் தரும் அனுமதி. குடும்ப நீதிப் பிரிவின் தலைவராக இருந்த சர் ஆண்ட்ரூ மக்ஃபார்லேன் 2021இல் தந்த அறிக்கையிலிருந்து வந்தது இது. 2023 ஜனவரியில் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் நீதிமன்றங்களில் சோதனையாகத் தொடங்கி, 2025 ஜனவரி 27 முதல் நாடு முழுவதும் விரிந்தது. உத்தரவு கைக்கு வராமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வந்த பிறகும் முழுவதையும் வாசியுங்கள்; வழக்குக்கு வழக்கு மாறும்.

அன்றன்றைய வழக்குப் பட்டியலில் எண்ணைக் கவனியுங்கள். நடுவில் ‘சி’ இருந்தால் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) பிள்ளையைத் தன் பராமரிப்பில் எடுக்கத் தொடுத்த பராமரிப்பு வழக்கு; ‘பி’ என்றால் பெற்றோருக்கு இடையிலான வழக்கு. நான் ‘சி’யைத்தான் தேடிப் போவேன், அரசின் கை அங்கேதான் நீளுகிறது. முடிந்தால் முந்தைய நாளே நீதிமன்றத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். காலையில் அஷரிடம் (வழக்குகளை அழைக்கும் நீதிமன்ற ஊழியர்) அட்டையைக் காட்டி, உத்தரவு வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வழக்கறிஞர்களிடம் வழக்குச் சுருக்கமும், ஒவ்வொரு தரப்பும் என்ன கேட்கிறது என்று சொல்லும் நிலைப்பாட்டு அறிக்கையும் கேளுங்கள். உத்தரவு இருந்தால் அவற்றைப் பார்க்க உரிமை உண்டு. ஆனால் வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. உங்களை வெளியே போகச் சொன்னால், பணிவாக எழுந்து நின்று காரணம் கேளுங்கள். காரணம் இல்லாமல் வெளியேற்ற விதியில் இடமில்லை.

இனி எழுதும் வேலை. பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அடையாளம் காட்டக்கூடிய வேறெந்த விவரமும் கூடாது என்பதில்தான் நாம் மாட்டிக்கொள்வோம். பெரிய ஆங்கிலப் பத்திரிகைக்கு இது சின்னப் பிரச்சினை. நமக்கு அப்படியில்லை, நம் சனம் ஒருவரையொருவர் அறிந்த சனம். என் வரைவு ஒன்றில் இப்படி ஒரு வரி வந்தது என்று வையுங்கள்: ‘கிழக்கு லண்டனில் மளிகைக்கடை வைத்திருக்கும் தகப்பன், வவுனியாவிலிருந்து வந்தவர், மூன்று பெண் பிள்ளைகள், நடுப்பிள்ளைக்குக் காது கேட்காது.’ ஒரு பெயரும் இல்லை. ஆனாலும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். கடை போகட்டும், ஊர் போகட்டும், மூன்றும் போகட்டும், நடுப்பிள்ளை கட்டாயம் போகட்டும். ‘ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் தகப்பன்’ போதும். தமிழ்க் குடும்பம் என்று சொல்லவே வேண்டாத நாட்களும் உண்டு. அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்துத் தன் கதையை இணையத்தில் தேடி வாசிக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் வெட்டுங்கள்.

குடும்பத்தை இவ்வளவு மறைத்தால் செய்தியில் என்ன மிஞ்சும்? அதிகாரத்தில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பது மிஞ்சும். பராமரிப்பு வழக்கை 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுச் சட்டம். இது எத்தனையாவது வாரம்? மொழிபெயர்ப்பாளர் வராமல் விசாரணை தள்ளிப்போனதா? கவுன்சில் அறிக்கையைத் தாமதமாகத் தந்ததா? அந்தத் தாய்க்கு நடப்பது விளங்கியதா என்று யாராவது கேட்டார்களா? இவற்றை எழுதுங்கள். கவுன்சிலின் பெயரைப் பொதுவாகப் போடலாம், நீதிபதியின் பெயரையும் போடலாம். 2023இல் தகப்பனும் மாற்றாந்தாயும் கொன்ற பத்து வயதுச் சிறுமி சாரா ஷெரீஃப் தொடர்பான முந்தைய குடும்ப வழக்குகளை விசாரித்த நீதிபதிகளின் பெயரை வெளியிடக் கூடாதென 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது; அடுத்த மாதமே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. சோசியல் வேர்க்கரின் பெயர் மட்டும், நீதிபதி அனுமதித்தால் தவிர, வேண்டாம்.

கடைசியாகப் பெற்றோர். உத்தரவு இருந்தால் அவர்கள் உங்களோடு வழக்கைப் பற்றிக் கதைக்கலாம். அழுவார்கள், கோபப்படுவார்கள், கேட்டுக்கொண்டிருங்கள். ஆனால் அந்த அனுமதி உங்களோடு கதைக்க மட்டும்தான் என்று நல்ல தமிழில் விளங்கப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ அவர்களே போட்டால், அவமதிப்பு வழக்கு அவர்கள் மேல் வரும். இதை முதல் சந்திப்பிலேயே, குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.