வகுப்புக்கு ஒரே ஒரு கூகுள் டாக்ஸ் போதும்

கல்லூரியில் பாடம் எடுக்கிறீர்களா? வாராவாரம் எல்லாரிடமும் தனித்தனியாக அசைன்மென்ட் வாங்கித் திருத்திக்கொண்டிருப்பதைவிட, வகுப்புக்கென்று ஒரே ஒரு கூகுள் டாக்ஸ் திறந்து, முறைவைத்து இரண்டு பேர் அன்றைய பாடத்தைத் தங்கள் சொற்களில் எழுத, மற்றவர்கள் ஓரத்தில் கமென்ட்டாகக் கேள்வி கேட்கும்படி செய்துவிடுங்கள். கூடப் படிக்கிறவர்கள் வாசிக்கப் போகிறார்கள் என்றால் கைடைப் பார்த்து அப்படியே இறக்கக் கொஞ்சம் கூச்சம் வரும், எந்த இடம் புரியவில்லை என்பதும் தேர்வுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். யார் எதை எழுதினார், எப்போது மாற்றினார் என்பது வெர்ஷன் ஹிஸ்டரியில் இருப்பதால் "நான்தான் சார் எழுதினேன்" பஞ்சாயத்தும் இல்லை. ஆனால் மாணவர்களை அவரவர் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். லிங்க் இருந்தால் யாரும் எழுதலாம் என்று திறந்துவிட்டால் எழுதியவர் பெயரே தெரியாது. அன்றைக்கு எழுதுகிற இருவருக்கு மட்டும் எடிட்டர் அனுமதி, மற்றவர்களுக்கு கமென்ட்டர்.

பக்கம் பக்கமாகச் சமன்பாடு வரும் கணக்குப் பாடத்துக்கு இது சரிப்படாது, தட்டச்சு செய்தே ஓய்ந்துபோவார்கள். களஆய்வில் பேட்டி கொடுத்தவர்களின் சொந்த விவரங்களையும் இதில் ஏற்றாதீர்கள்.