தோர்ஸ்ஹவ்னுக்கு முதல்முறை போகிறீர்களா? இந்த வரிசையில் பாருங்கள்

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளின் தலைநகர் தோர்ஸ்ஹவ்ன். 'தோரின் துறைமுகம்' என்று அர்த்தம். தோர், வட ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிகளான வைக்கிங்குகளின் இடிக்கடவுள். உள்ளூர்க்காரர்கள் வெறுமனே 'ஹவ்ன்' என்பார்கள். சின்ன ஊர்தானே என்று அரை நாளில் முடித்துவிடாதீர்கள், இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதல் வேலை விசா. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபாரோ டென்மார்க்கைச் சேர்ந்ததுதான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குச் சாதாரண ஷெங்கன் விசா போதாது. விண்ணப்பிக்கும்போதே ஃபாரோவையும் சேர்த்துக் கேளுங்கள். விசா கைக்கு வந்ததும் அதில் ஃபாரோவுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள்.

விமானம் வோகர் என்ற வேறொரு தீவில் இறங்கும். அங்கிருந்து பஸ், 2002இல் திறந்த கடலடிச் சுரங்கம் வழியாக ஊருக்குக் கொண்டுவந்து விடும். நகருக்குள் ஓடும் சிவப்பு பஸ்களில் டிக்கெட் கிடையாது, இலவசம். தங்குமிடத்தைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள். குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அந்தக் காற்றுக்கு அது தாங்காது. தொப்பி வைத்த நல்ல மழைக்கோட்டு வேண்டும்.

முதல் நாள் காலையிலேயே திங்கனெஸ் போங்கள். துறைமுகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலுக்குள் நீளும் பாறை முனை அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைக்கிங்குகள் கோடையில் இங்கே கூடி வழக்குகளைத் தீர்த்தார்கள், சட்டம் வகுத்தார்கள். இன்றும் பிரதமர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. சிவப்பு மரச்சுவர், வெள்ளைச் சன்னல், கூரையில் புல். அந்தக் கூரையின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: புல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் பிர்ச் மரப்பட்டை அடுக்கியிருக்கும். மழைநீரை உள்ளே விடாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். 1673இல் இங்கே பெரிய தீ பிடித்தது. அதில் தப்பிய கல்வீடு முன்கஸ்தோவன். அதையும் தேடிப் பாருங்கள். பிறகு முனையின் கோடி வரை நடந்து, பாறையில் பழங்காலத்தார் செதுக்கிய குறிகளைப் பாருங்கள். அந்தப் பாறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

அங்கிருந்து மேற்குத் துறைக்கு இறங்கினால் மீன்பிடிப் படகுகள் நிற்கும். இந்த நாட்டின் ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி மீன்தான். சாப்பாட்டில் 'ரஸ்ட்' என்று இருந்தால் காற்றில் தொங்கவிட்டு நொதிக்க வைத்த மீன் அல்லது ஆட்டிறைச்சி என்று அர்த்தம். கருவாடு பழகிய மூக்குக்கு வாடை பயமாக இருக்காது. முதலில் கொஞ்சம் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

மாலையில் ஸ்கன்சின் கோட்டை. 1580இல் கடற்கொள்ளையரைத் தடுக்கக் கட்டியது. அங்கே இருந்து நோல்சோய் தீவு எதிரிலேயே தெரியும்.

இரண்டாம் நாள் சிர்க்யுபோவர் கிராமம். மலை மேல் நடந்தால் சுமார் இரண்டு மணி நேரம். கூரையில்லாத கல் தேவாலயமும், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் வாழும் பழைய மரவீடும் அங்கே இருக்கின்றன. வழியைக் காட்டுவது அடுக்கி வைத்த கற்குவியல்கள்தான். ஒரு குவியலில் நின்று பார்த்து அடுத்தது மூடுபனியில் தெரியவில்லையென்றால், வந்த வழியே திரும்பி பஸ்ஸில் போங்கள்.